இளைஞர் மன்றம் திருவிழாவுக்கு மட்டும்தானா? மற்ற மாதங்களில் என்ன செய்கிறீர்கள்?

பனங்காட்டான் | கொழிஞ்சாம்பாறை பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பங்கில் (கத்தோலிக்கக் கோயிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களும்) இளைஞர் மன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. வேறு யாரும் கை தூக்காததால் செயலாளர் பதவி என் தலையில் விழுந்தது. நாங்கள் சுல்தான்பேட்டை மறைமாவட்டம். கோழிக்கோடு, கோயம்புத்தூர் மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து 2013 கடைசியில் உருவாக்கியது. இந்தக் கிழக்குப் பாலக்காட்டில் தமிழ்ப் பூசை நடக்கும் பங்குகள் நிறைய.

பொறுப்பு வந்ததும் பழைய மினிட்ஸ் நோட்டைப் புரட்டினேன். டிசம்பரில் கேரல் (வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டு), குடில். தவக்காலத்தில் பாஸ்கா நாடகம். திருவிழாவுக்குத் தோரணம், சீரியல் லைட், தேர். ஓணத்துக்கு வடம் இழுத்தல் (கயிறு இழுக்கும் போட்டி). நடுவில் ஒரு கிரிக்கெட் டோர்னமென்ட். "சமூக சேவை" என்ற தலைப்பின் கீழ் ஒவ்வொரு வருடமும் "முதியோர் இல்லத்தில் மதிய உணவு வழங்கப்பட்டது" என்று ஒரே வரி. கையெழுத்து மாறுகிறது, வரி மாறவில்லை.

இதற்கு மேல் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. ஆனால் நிலைமை இதுதான்: பாதிப் பேருக்குக் கோயம்புத்தூரில் வேலை அல்லது காலேஜ். காலை பஸ்ஸில் போனால் இரவுதான் வருகிறார்கள். பெண்பிள்ளைகள் பாடற்குழுவோடு சரி, மன்றக் கூட்டத்துக்கு வருவதில்லை. கையில் இருப்பது கேரல் காசில் மிச்சம், ஒரு கேரம் போர்டு, ஒரு மைக் செட். என்ன செய்யலாம்? போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்ததோடு முடிகிற வேலையைத் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

தேன்கூடு | மார்த்தாண்டம்

தம்பி, முதலில் அந்த மினிட்ஸ் நோட்டைப் படித்ததற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். எங்கள் பக்கம் அதைச் செயலாளர்கள் எழுதுவதோடு சரி.

எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். ஒய்.எம்.சி.ஏ. என்றால் இன்றைக்கு ஹாஸ்டலும் பாட்மின்டன் கோர்ட்டும்தான் ஞாபகம் வரும். 1844இல் லண்டனில் அதைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் 22 வயதுத் துணிக்கடை ஊழியர். கடை சாத்திய பிறகு பையன்களுக்கு நல்லதாக ஒரு போக்கிடம் வேண்டும், அவ்வளவுதான் ஆரம்பம். அதே சங்கம் 1920களில் மார்த்தாண்டம் வந்தபோது ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இங்கே கிராமப் புனரமைப்பு மையம் நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு என்று சின்ன நிலக்காரர்களுக்குக் கையில் காசு வருகிற வேலைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கு மார்த்தாண்டம் தேன் என்று ஊரெல்லாம் பேர் சொல்வதற்கு அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கும் பங்குண்டு.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர்கள் "சேவை தினம்" கொண்டாடவில்லை. ஒரே வேலையை எடுத்து வருடக்கணக்காக இழுத்தார்கள். நீங்களும் ஒன்றை எடுங்கள். பத்து எடுத்தால் பத்தும் மினிட்ஸ் நோட்டோடு நின்றுவிடும்.

பழைய செயலர் | பாறசாலை

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன். வாலிபர் சங்கத்தில் நிறைய வருடம் குப்பை கொட்டியவன். ஒரு எச்சரிக்கை. புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் முதலில் கை வைப்பது கேரம் போர்டில்தான். "இனிமேல் விளையாட்டு கிடையாது, சேவை மட்டும்" என்று அறிவிப்பு வரும். அடுத்த ஞாயிறு நாலு பேர் இருப்பார்கள், அதில் ஒருவர் போதகர் ஐயர்.

பையன்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவதே அந்த போர்டைச் சுற்றித்தான். ராத்திரி யாருக்காவது ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டுமென்றால் நீங்கள் போன் செய்வது சேர்ந்து கிரிக்கெட் ஆடியவனுக்குத்தான். டோர்னமென்ட்டை நிறுத்தாதீர்கள். வடமும் இழுங்கள். அப்புறம் மற்றதைப் பேசலாம்.

மட்டன்பிரியாணி | ஊர் சொல்வதாக இல்லை

பழைய செயலருக்கு ஒரு லைக். சர்ச் கிளப் என்றால் சந்தோஷமாக இருக்கிற இடம். ஏழைக்கு உதவ வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, மாதர் சங்கம் இருக்கிறது, பஞ்சாயத்து இருக்கிறது. எல்லாவற்றையும் பையன்கள் தலையில் கட்டினால் எப்படி?

தேன்கூடு | மார்த்தாண்டம்

@மட்டன்பிரியாணி, வின்சென்ட் தே பவுல் சபை என்றால் வேட்டி கட்டிய தாத்தாக்கள் என்று நினைக்கிறீர்கள் போல. 1833இல் பாரிசில் அதைத் தொடங்கிய பிரெடரிக் ஓசானாமுக்கு அப்போது 20 வயது. கல்லூரி மாணவர். கூட இருந்தவர்களும் பெரும்பாலும் மாணவர்கள்தான். எந்த வீட்டுக்குப் போக வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் ரோசலி என்ற கன்னியர். வீடு வீடாக ஏழைகளைப் போய்ப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை, இன்றைக்கும் அந்தச் சபைக்கு அதுதான் அடிப்படை. அதாவது அதுவே ஒரு இளைஞர் மன்றம்தான், நாம்தான் அதற்கு வயதாக விட்டுவிட்டோம்.

செவிலி அக்கா | சித்தூர், பாலக்காடு

பனங்காட்டான் தம்பி, நீங்கள் இருக்கிற இடத்திலேயே வேலை காத்திருக்கிறது. நான் பாலியேட்டிவ் கேரில் (தீராத நோயாளிகளின் வலியையும் கஷ்டத்தையும் குறைக்கும் பராமரிப்பு) இருக்கிறேன், அதனால் எனக்கு இது மட்டும்தான் கண்ணில் படும் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

கேரளாவில் இது 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. 2008இல் மாநில அரசே இதற்கு ஒரு கொள்கை அறிவித்தது, இந்தியாவில் முதல் மாநிலம். இப்போது பஞ்சாயத்துதோறும் ஹோம் கேர் உண்டு. நர்ஸ் ஜீப்பில் வீடு வீடாகப் போவார். ஆனால் ஒரு வீட்டுக்கு மாதத்தில் ஓரிரு தடவைதான் போக முடியும். மற்ற நாளெல்லாம் அந்த வீடு தனியாகத்தான் இருக்கிறது. இந்த ஏற்பாடே ஊர்க்காரர்கள் தொண்டர்களாக வருவார்கள் என்ற கணக்கில் போட்டது. மலையாளப் பக்கங்களில் வாசகசாலை, கிளப் பையன்கள் வருகிறார்கள். நம் தமிழ்ப் பக்கத்தில் ஆள் குறைவு. வருத்தமாகத்தான் இருக்கிறது.

உங்கள் வார்டு ஆஷா வொர்க்கரிடம் (ஊர் சுகாதாரப் பணியாளர்) கேளுங்கள். கிடப்பு ரோகிகள் (படுத்த படுக்கையாக இருப்பவர்கள்) எத்தனை வீட்டில் என்று விரல் விட்டுச் சொல்வார்.

நகரி ரோடு | ஆந்திரா எல்லை

சித்தூர் என்றதும் எங்கள் சித்தூர் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். வந்ததும் நல்லதுதான். படித்துக்கொண்டிருக்கிறேன்.

பனங்காட்டான் | கொழிஞ்சாம்பாறை பக்கம்

அக்கா, கேட்கவே நன்றாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. எங்களுக்கு ஊசி போடத் தெரியாது. அந்த வாசனைக்கே வெளியே ஓடிவிடுவோம் என்று ஒருவன் இப்போதே வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டான். போய் என்ன செய்வது? நலமா என்று கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருவதா?

செவிலி அக்கா | சித்தூர், பாலக்காடு

ஊசியை நீங்கள் தொடவே கூடாது. டியூப், புண் கட்டுவது எதுவும் உங்கள் வேலை இல்லை. முதல் சில வாரம் எங்கள் கூட வந்து பாருங்கள், அடிப்படைப் பயிற்சி நாங்கள் தருகிறோம்.

உதாரணத்துக்கு ஒரு வீடு. பக்கவாதம் வந்து படுத்த அப்பச்சன் (பெரியவர்), பார்த்துக்கொள்வது மருமகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகுக்குக் கீழேயும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். அந்த அம்மா ஒற்றை ஆளாக ஒரு ஆம்பிளையைப் புரட்டுகிறாள், ராத்திரியும் சேர்த்து. நீங்கள் இரண்டு பேர் போனால் விரிப்போடு சேர்த்துத் தூக்கிப் புரட்டலாம். இழுக்கக் கூடாது, தோல் உரிந்துவிடும். புரட்டும்போது தோலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்கவில்லையா, எனக்குப் போன் செய்யுங்கள். நம் கறுத்த தோலில் சிவப்பு சுலபமாகத் தெரியாது, அதனால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள், புண் உள்ளே பெரிதாகும். யூரின் பை இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். படுத்தபடியே வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். சர்க்கரை வியாதிக்காரர்கள் கால் நகத்தை வெட்டாதீர்கள். முகச் சவரம் செய்யலாம். அதற்கு அவர்கள் படுகிற சந்தோஷம் வேறு எதற்கும் இல்லை.

முக்கியமானது இதெல்லாம் இல்லை. ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் அந்த வீட்டில் யாராவது உட்கார்ந்தால் அந்த மருமகள் பூசைக்கு வருவாள். தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போவாள். நம் பங்குகளில் கோயிலுக்கே வராமல் போனவர்கள் என்று நாம் பேசுகிற பெண்களில் சிலர் இப்படி வாசலைத் தாண்ட முடியாதவர்கள்.

பழைய செயலர் | பாறசாலை

அக்கா சொன்ன கடைசி விஷயம் எனக்கு இத்தனை வருடம் தோன்றவே இல்லை. ஆனால் தம்பி, ஞாயிறு காலையில் பையன்களும் பூசைக்குத்தானே போவார்கள்?

செவிலி அக்கா | சித்தூர், பாலக்காடு

சனிக்கிழமை மாலைப் பூசை இருக்கிற பங்கில் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் முதல் பூசைக்குப் போனவர்கள் இரண்டாம் பூசை நேரத்தில் உட்காரட்டும்.

தேயிலைக் குளிர் | மூணாறு

நான் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவன். எங்களுக்குச் சேவை என்றால் ஞாபகம் வருவது மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்தது, 70 பேர் போனார்கள், எல்லாரும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள்தான். மழையில் கரண்டும் இல்லை, போனும் இல்லை, விஷயம் வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. தேடுகிறபோது முதலில் எழுந்த கேள்வி, எந்த லயத்தில் எந்த வீட்டில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பது. விருந்துக்கு வந்தவர்கள், விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் எந்த ரெஜிஸ்டரிலும் இருக்காது.

அதனால் என் யோசனை ஒரு நோட்டு. உங்கள் பங்கில் ஒவ்வொரு அன்பியத்திலும் (பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சின்னக் குழு) எந்த வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர், யாருக்கு ஆக்சிஜன், யாருக்கு டயாலிசிஸ், யார் வீட்டில் வண்டி இருக்கிறது, ராத்திரி கூப்பிட்டால் யார் வருவார் என்று எழுதி வையுங்கள். பேப்பரில் எழுதுங்கள். மழையில் முதலில் சாவது போன்தான்.

தேன்கூடு | மார்த்தாண்டம்

இது உண்மை. 2017 நவம்பர் 30 ஒக்கி புயலின்போது எங்கள் பக்கம் ரப்பரும் வாழையும் சாய்ந்து, கம்பங்கள் விழுந்து, கரண்ட் வர நாள் கணக்கானது. மரம் அறுக்க, ரோட்டைத் திறக்க மன்றத்துப் பையன்கள் வாளோடு நின்றார்கள், அதற்கு ஆள் பஞ்சமே இல்லை. கடற்கரையில் கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகளுக்கு ஆவணம் சேர்ப்பது, மனு எழுதுவது, அலுவலகத்துக்குக் கூடப் போவது என்று மாதக்கணக்கில் வேலை கிடந்தது. அதற்கு ஆள் தேட வேண்டியிருந்தது.

நகரி ரோடு | ஆந்திரா எல்லை

எங்கள் ஊரில் விசைத்தறி வீடுகள்தான் அதிகம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அம்மா அப்பாவுக்குத் தெலுங்கு பேச வரும், எழுத்து வராது. வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. எங்கள் சபை வாலிபர்கள் சாயங்காலம் ஆலய வராந்தாவில் டியூஷன் எடுக்கிறார்கள். சபைப் பிள்ளைகளுக்கு என்று ஆரம்பித்தது, தறிச் சத்தத்திலிருந்து தப்பித்துப் படிக்க ஒரு இடம் கிடைத்ததே என்று தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். நீங்கள் சொன்ன "பெண்பிள்ளைகள் வருவதில்லை" பிரச்சினையும் இதில் தீர்ந்தது. டியூஷன் டீச்சர் என்றால் வீட்டில் விடுகிறார்கள். மன்றக் கூட்டம் என்றால் "ராத்திரி எட்டு மணிக்கு என்ன கூட்டம்" என்று கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தானே? கூட்டத்தை ஐந்து மணிக்கு மாற்றிப் பாருங்கள்.

உங்கள் பக்கம் மலையாளப் படிவங்களில் இதே கஷ்டம் இருக்குமே?

பனங்காட்டான் | கொழிஞ்சாம்பாறை பக்கம்

இருக்கிறது அண்ணா. எங்கள் பாட்டிமார் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. பென்ஷன் மஸ்டரிங் (உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் கைரேகைப் பதிவு) வந்தால் அக்ஷயா சென்டரில் (அரசு இ-சேவை மையம்) விரல் வைக்க வரிசை. தறி, வயல் என்று உழைத்தவர்களுக்கு ரேகை தேய்ந்து மெஷினில் விழாது. திரும்பி வந்துவிடுவார்கள், பென்ஷன் நின்ற பிறகுதான் வீட்டில் தெரியும். கிடப்பு ரோகிகளுக்கு அக்ஷயா ஆட்களே வீட்டுக்கு வந்து எடுப்பார்கள், ஆனால் போய் யாராவது சொல்ல வேண்டும். கூட்டத்தை மாற்றுவது நல்ல யோசனை, இந்த வாரமே கேட்கிறேன்.

மட்டன்பிரியாணி | ஊர் சொல்வதாக இல்லை

சரி, ஒன்று கேட்கிறேன். இந்தப் படிவம், புரட்டல், டியூஷன் எல்லாம் நம் ஆட்களுக்கா, எல்லாருக்குமா? எல்லார் வீட்டுக்கும் போனால் மதம் மாற்ற வந்தார்கள் என்று ஒருவன் வீடியோ எடுப்பான். நம் ஆட்களுக்கு மட்டும் என்றால் இன்னொருவன் அதற்கும் பேசுவான்.

செவிலி அக்கா | சித்தூர், பாலக்காடு

நியாயமான கேள்வி. அதனால்தான் பஞ்சாயத்துப் பட்டியல் வழியாகப் போகச் சொல்கிறேன். எந்த வீடு என்பதை நர்ஸும் ஆஷாவும் சொல்வார்கள், மன்றம் தேர்ந்தெடுக்காது. சிலுவை, ஜெபப் புத்தகம் கையில் வேண்டாம். அவர்களாகக் கேட்டால் ஒழிய ஜெபம் சொல்ல வேண்டாம். எங்கள் குழுவில் முஸ்லிம் வீட்டுப் பையன் நம் அப்பச்சனுக்குச் சவரம் செய்கிறான், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

இன்னொன்று, பெண் நோயாளி வீட்டுக்குப் பெண்கள் ஒருவராவது போக வேண்டும். எந்த வீட்டுக்கும் தனி ஆளாகப் போகக் கூடாது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களை இதில் சேர்க்காதீர்கள், அவர்கள் டியூஷனுக்கு உதவட்டும்.

பழைய செயலர் | பாறசாலை

இரத்த தானத்தை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். எல்லா மன்றமும் திருவிழா அன்று முகாம் போடும். ஒரே நாளில் அள்ளிக் கொடுத்தால் என்ன ஆகும்? சிவப்பணுப் பை 35 முதல் 42 நாள்தான் தாங்கும், பிளேட்லெட் 5 நாள். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்க முடியும். அதனால் ஊரில் இருக்கிற கொடையாளர் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் "லீவில்" போய்விடுவார்கள். அடுத்த மாதம் பிரசவத்துக்கு நெகட்டிவ் குரூப் கேட்டு ஒருவர் அலைவார். முகாமுக்குப் பதில் குரூப் வாரியாகப் பேர் எழுதி வைத்து, பிளட் பேங்க் கேட்கும்போது நாலு நாலு பேராக அனுப்புங்கள். வயது 18 ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோ வேண்டும், ஹீமோகுளோபின் 12.5. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பாதிப் பேர் அந்தக் கடைசிக் கணக்கில்தான் திரும்பி வருவார்கள். அதற்கே ஒரு வருடம் கீரையும் இரும்பு மாத்திரையும் பற்றிப் பேசலாம்.

இதை மூணாறுக்காரர் சொன்ன அதே நோட்டில் சேர்த்துவிடலாம்.

தேயிலைக் குளிர் | மூணாறு

சேர்க்கலாம். ஆனால் நோட்டு யாரிடம் இருக்கும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். ஒருவர் வியாதி விவரம் ஊருக்கெல்லாம் தெரியக் கூடாது. எங்களிடம் ஒரு பிரதி செயலாளரிடம், ஒன்று பங்குத்தந்தையிடம். வாட்ஸ்அப் குரூப்பில் அதை போட்டோ எடுத்துப் போடுகிறவனுக்கு வடை கூடக் கிடையாது.

பங்குத்தந்தை என்றதும் ஞாபகம் வந்தது. சாமியார் சில வருடத்தில் மாறிப்போவார். அவர் ஆர்வத்தில் நடக்கிற வேலை அவர் பெட்டியோடு போய்விடும். இதைப் பங்குப் பேரவைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.

மட்டன்பிரியாணி | ஊர் சொல்வதாக இல்லை

காசு? இதுவரை காசு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் மன்றம் இரண்டாக உடைந்ததே கேரல் காசில்தான்.

தேன்கூடு | மார்த்தாண்டம்

கேரல் முடிந்த மறு ஞாயிறே வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். கேக், பெட்ரோல், சாண்டா டிரெஸ் வாடகை எல்லாம் ரூபாய் கணக்கோடு. அப்புறம் வழக்கமான செலவுக்குப் பிடியரிசி. எங்கள் அம்மா காலத்தில் உலை வைக்கும்போது ஒரு பிடி தனி டப்பாவில் போடுவார்கள், வாரக்கடைசியில் கோயிலுக்குப் போகும். இப்போது அரிசியாக வாங்கினால் வண்டு பிடிக்கிறது, ரேஷன் வேறு இருக்கிறது. அதனால் சில பங்குகளில் மாதம் ஒரு சின்னத் தொகையாக வாங்குகிறார்கள். அதற்குத் தனி அக்கவுன்ட், இரண்டு பேர் கையெழுத்து. நீங்கள் செய்யப்போகிற வேலைக்குப் பெரிய காசு தேவைப்படாது, டயப்பர் வாங்கித் தருகிற சில வீடுகளைத் தவிர.

பனங்காட்டான் | கொழிஞ்சாம்பாறை பக்கம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று கூட்டம் நடந்தது, ஐந்து மணிக்கு. பெண்பிள்ளைகள் வந்தார்கள், அதனால் பையன்களும் நேரத்துக்கு வந்தார்கள்.

முடிவானது: கிடப்பு ரோகி வீடுகளுக்கு இரண்டு இரண்டு பேராகப் போவது. முதலில் மூன்று வீடு, அதற்கு மேல் இந்த வருடம் கிடையாது. மஸ்டரிங்குக்கு ஆட்டோ ஓட்டும் ஒருவர் தன் வண்டியைத் தருகிறார். நோட்டை எழுதுவது பாடற்குழுப் பெண்கள், அவர்கள் கையெழுத்துதான் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. டியூஷனைத் தள்ளி வைத்தோம், ஆள் போதாது. டோர்னமென்ட் உண்டு. முதியோர் இல்ல மதிய உணவை நிறுத்தலாமா என்று கேட்டதற்குத்தான் பெரிய சண்டை. "அங்கே இருப்பவர்கள் அந்த ஒரு நாளுக்குக் காத்திருக்கிறார்கள்" என்று ஒரு அண்ணன் பிடிவாதமாக நின்றார், அவர் சொல்வதும் சரிதான், அதனால் அது தொடர்கிறது. ஆனால் பிரியாணி போட்டுவிட்டு வராமல் சாயங்காலம் வரை இருந்து வர வேண்டும் என்று சேர்த்துக்கொண்டோம்.

எனக்கு இன்னும் புரியாத ஒன்று: வேலைக்குப் போகிறவர்களுக்கு வார நாளில் நேரமில்லை, ஞாயிறு மட்டும்தான். ஞாயிறு இல்லாத நாளில் அந்த வீட்டில் ஏதாவது ஆனால்?

செவிலி அக்கா | சித்தூர், பாலக்காடு

அதற்கு நாங்கள் இருக்கிறோம் தம்பி, எல்லாவற்றையும் நீங்களே சுமக்க வேண்டாம். வேலைக்குப் போகாத, ரிட்டயர் ஆன ஆட்கள் உங்கள் பங்கிலேயே இருப்பார்கள், மன்றத்தில் வயசு வரம்பு இருந்தால் அவர்களைத் துணை உறுப்பினர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வரும் சனிக்கிழமை காலை பஞ்சாயத்து ஹெல்த் சென்டருக்கு ஆறு பேர் வாருங்கள், அதில் இரண்டு பேராவது பெண்கள். கிளவுஸ் எல்லாம் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், எங்களிடம் இருக்கிறது. சவர செட் மட்டும் வீட்டுக்கு ஒன்றாகத் தனித்தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வீட்டு பிளேடு இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது.

மட்டன்பிரியாணி | ஊர் சொல்வதாக இல்லை

அந்த ஆறு பேரில் ஒரு இடம் காலியா? நான் உங்கள் பக்கத்து வேலந்தாவளம்தான். இவ்வளவு நேரம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.